23 வருஷம் காவடி எடுத்தவருக்கு முதுகுல ஊசி எதுக்கு?



இது கொஞ்சம் நீண்ட பதிவு. கோயில் விசேஷத்தைப் பற்றியது இல்ல, நாங்க செஞ்ச ஒரு தப்பைப் பற்றியது. எங்க தொண்டர் குழுவுல பாதிப் பேர் ஃபேக்டரி ஆளுங்க. ஃபேக்டரியில ஏதாவது அசம்பாவிதம் நடந்தா, யாருக்கும் பெருசா அடிபடலைன்னாலும் ரிப்போட் எழுதணும். யாரையும் திட்டறதுக்காக இல்ல, அடுத்த ஷிஃப்ட் ஆளுக்கு அதே மாதிரி நடக்கக் கூடாதுன்னுதான். இந்தப் பதிவையும் அப்படியே படிங்க. சம்பந்தப்பட்டவர்கிட்ட அனுமதி வாங்கித்தான் எழுதறோம். "பேரு மட்டும் போடாதீங்க, மத்ததெல்லாம் எழுதுங்க"ன்னு சொல்லிட்டாரு.

எங்க கோயில் அன்னதானத்துல சாப்பிட்டவங்களுக்கு அவரைத் தெரியும். சாம்பார் அண்ணன்னுதான் கூப்பிடுவோம். வயசு 58. முன்னால லோரி ஓட்டினவரு. திருவிழா நாள்ல விடியக்காலை 3 மணிக்கே அடுப்பு பத்த வச்சிடுவாரு. 23 வருஷமா தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்கிறவரு. பத்துமலையில 272 படியும் ஏறி இறங்கி, அலகை எடுத்த பிறகும் முகத்துல ஒரு சுளிப்பு இருக்காது. அவரைப் பார்த்துதான் எங்க பையன்க விரதம் இருக்கவே கத்துக்கிட்டானுங்க.

போன வருஷம் இருமல் விடாம இருக்கவும் அண்ணி வற்புறுத்தி எக்ஸ்ரே எடுக்க வச்சாங்க. அப்புறம் சிடி ஸ்கேன். வலது நுரையீரல்ல மேல் பாகத்துல ஒரு சின்னக் கட்டி. லோரி ஓட்டின காலத்துல ஊதித் தள்ளின சிகரெட்டுக்கு வந்த பில்லுன்னு அவரே சொல்லிக்கிட்டாரு. வலது நுரையீரல் மூணு பாகம், இடது ரெண்டு பாகமாம். அந்த மூணுல மேல் பாகத்தை எடுத்துடணும்னு டாக்டருங்க முடிவு செஞ்சாங்க.

நல்ல வேளையா நெஞ்சைப் பெருசா திறக்க வேண்டியதில்ல. கீஹோல் ஆப்பரேஷன். விலா எலும்புக்கு இடையில சின்னச் சின்ன ஓட்டை போட்டு, ஒண்ணுல கேமராவை விட்டு, டிவியில பார்த்துக்கிட்டே செய்யறது. இதைக் கேட்டதும் எங்களுக்கெல்லாம் பாதி பயம் போயிடுச்சு. சின்ன ஓட்டைதானே, நாலு நாள்ல வந்துடுவாருன்னு அடுத்த மாச அன்னதானத்துக்கு அவரு பேரைக் கூட எழுதிட்டோம்.

ஆப்பரேஷனுக்கு முன்னால மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கச் சொன்னாங்க. அந்த டாக்டர் ஒரு படம் வரைஞ்சு காட்டி, "நீங்க மயக்கத்துல இருக்கும்போது முதுகுல ஓர் ஊசி போடறோம், நரம்பு பிளாக்னு சொல்வோம், ஆப்பரேஷனுக்கு அப்புறம் நெஞ்சு வலி குறையும்"னு விளக்கியிருக்காங்க. அண்ணன் யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டாரு. வந்தவரு எங்க வாட்சாப் குரூப்ல கேட்டாரு.

அங்கதான் நாங்க ஆரம்பிச்சோம்.

"முதுகுல ஊசின்னா வேணாம் அண்ணே, பிரசவத்துக்குப் போட்டவங்க பாதிப் பேருக்கு இன்னும் இடுப்பு வலி." "ஒருத்தருக்குக் கால் வராமப் போச்சாம், கேள்விப்பட்டேன்." "மருந்து கூடினா அடிமையாயிடுவோம்." இப்படி ஒரு மணி நேரத்துல நாற்பது மெசேஜ். அதுல எங்கள்ல ஒருத்தர் பெருமையா எழுதினதுதான் எல்லாரும் கைதட்டின மெசேஜ்: "நம்ம அண்ணன் 108 வேல் தாங்கினவரு. இந்த மூணு ஓட்டை அவருக்கு ஒரு வலியா?"

ஒருத்தர் கூட "டாக்டர் எதுக்குச் சொன்னாங்கன்னு திரும்பக் கேட்டுப் பாருங்க"ன்னு எழுதல. அண்ணன் மறுநாள் போயி வேணாம்னு சொல்லிட்டாரு.

ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சது. கட்டியை எடுத்தாச்சு, விலாப் பக்கம் காத்தும் தண்ணியும் வெளியேற ஒரு டியூப்பு. கையில ஒரு பட்டன் குடுத்து, வலிச்சா அழுத்துங்க, மோர்ஃபின் மருந்து கொஞ்சமா உள்ள போகும், அளவுக்கு மேல போகாதபடி மெஷின்ல பூட்டு இருக்குன்னு சொல்லிக் குடுத்தாங்க. அண்ணன் அந்தப் பட்டனைத் தொடவே இல்ல. அடிமையாயிடுவோம்னு நாங்க எழுதினது மனசுல இருந்திருக்கு.

முதல் நாள் சாயங்காலம் நாங்க ஆறு பேர் பார்க்கப் போனோம். திருநீறு வச்சுவிட்டோம். அந்த நேரம் நர்ஸ் வந்து, "பாக்சிக், சாக்கிட் பெராப்பா?"ன்னு கேட்டாங்க. பூஜ்யத்துலேருந்து பத்து வரைக்கும் வலி எவ்வளவுன்னு கேக்கறது. அண்ணன் எங்களை ஒரு பார்வை பார்த்துட்டு "டுவா"ன்னாரு. ரெண்டு! "பார்த்தியா, நம்ம அண்ணன்"னு நாங்க ஒருத்தர ஒருத்தர் தட்டிக்கிட்டோம்.

வலியைக் கேட்டு எழுதறது சும்மா மரியாதைக்கு இல்லைன்னு பிறகுதான் தெரிஞ்சது. இரத்த அழுத்தம், நாடி, சூடு, மூச்சு இந்த நாலையும் பார்க்கற மாதிரி வலியையும் ஐந்தாவதா பார்த்து எழுதணும்னு நம்ம நாட்டு சுகாதார அமைச்சு 2008-லேயே கொண்டு வந்த ஏற்பாடு அது. அந்த எண்ணை வச்சுத்தான் மருந்தைக் கூட்டறதும் குறைக்கறதும். நாம பொய் எண் சொன்னா, மீட்டர் உடைஞ்ச மெஷினை ஓட்டற கதைதான்.

இரண்டாம் நாள் அண்ணன் பேச்சுக் குறைஞ்சிடுச்சு. மூச்சை மேலாப்புல, சின்னச் சின்னதா விட்டாரு. ஊதுகுழல் மாதிரி ஒண்ணு குடுப்பாங்க, மூணு பந்து இருக்கும், மூச்சை உள்ள இழுத்தா பந்து மேல ஏறணும். ஒரு பந்து கூட ஏறல. "இருமிப் பாருங்க"ன்னா தலையை மட்டும் ஆட்டுவாரு.

மூன்றாம் நாள் காய்ச்சல். ஆக்சிஜன் அளவு இறங்கி மூக்குல குழாய் மாட்டிட்டாங்க. எக்ஸ்ரேயில வலது பக்கம் கீழ்ப் பகுதி சரியா விரியல, சளி அடைச்சு மூடிக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சது. சளி வெளிய வரலைன்னா தொண்டை வழியா கேமரா விட்டு உறிஞ்சணும், இன்னும் மோசமானா ஐசியூவுக்கு மாத்த வேண்டி வரும்னு டாக்டர் அண்ணிகிட்ட சொன்னாரு. அண்ணி எங்களுக்கு போன் பண்ணி அழுதாங்க. அந்த நேரம் நாங்க கோயில்ல பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். கரண்டியைப் போட்டது போட்டபடி கிளம்பினோம்.

பொய்யைக் கண்டுபிடிச்சது பிசியோ பொண்ணு. "படுத்திருக்கும்போது ரெண்டு. சரி பாக்சிக், இந்தத் தலையணையை நெஞ்சோட கட்டிப்பிடிச்சு ஒரு தடவை இருமுங்க"ன்னு மலாய்ல சொன்னாங்க. அண்ணன் இருமப் போனாரு. பாதியிலேயே நின்னுடுச்சு. கண்ணுலேருந்து தண்ணி கொட்டுது. "இப்ப எவ்வளவு?" அண்ணன் வாய் திறக்கல. விரலை மட்டும் காட்டினாரு. எட்டு.

சும்மா படுத்திருக்கும்போது இருக்கிற வலி ஒண்ணு, இருமும்போது, நடக்கும்போது வர்ற வலி வேற. நெஞ்சு ஆப்பரேஷன்ல இரண்டாவதுதான் முக்கியம்.

அன்னைக்கு மத்தியானம் வலிப் பிரிவு டாக்டர் வந்தாங்க. நம்ம பொண்ணு, சின்ன வயசு. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, முதல்ல காவடியைப் பத்தித்தான் கேட்டாங்க.

"எத்தனை நாள் விரதம் இருப்பீங்க அங்கிள்?"

"நாற்பத்தெட்டு."

"வேலை எவ்வளவு நேரம் வச்சிருப்பீங்க?"

"அஞ்சு ஆறு மணி நேரம் ஆகும்."

"அப்புறம்?"

"எடுத்துடுவாங்க."

"அந்த வலியை நீங்களா கேட்டு வாங்கறீங்க அங்கிள். 48 நாள் உடம்பையும் மனசையும் தயார் பண்றீங்க. சுத்தி நின்னு உருமி அடிக்கிறாங்க, பாடறாங்க. முடிஞ்சதும் எடுத்துடறாங்க. இங்க உங்களை யாரும் தயார் பண்ணல, யாரும் எடுக்கவும் போறதில்ல. கை உடைஞ்சா கட்டுப் போட்டு அசையாம வச்சிடலாம். நெஞ்சுக்குக் கட்டுப் போட முடியுமா? நிமிஷத்துக்கு 15 மூச்சுன்னா ஒரு நாளைக்கு 21,600 தடவை அந்த விலா அசைஞ்சாகணும். நீங்க வலியைத் தாங்கறதா நினைக்கிறீங்க. உண்மையில வலிக்குப் பயந்து உங்க உடம்பு மூச்சைச் சுருக்கிக்கிட்டு இருக்கு."

21,600. எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சிதம்பரத்துல பொன்னம்பலக் கூரையில 21,600 பொன் ஓடு, மனுஷன் ஒரு நாள் விடற மூச்சோட கணக்குன்னு எங்க பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கோம். கதையா கேட்ட கணக்கு, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துல வந்து நிக்கும்னு நினைக்கல.

அப்புறம் அந்த டாக்டர் எங்களுக்கும் சேர்த்து விளக்கினாங்க. புரிஞ்ச வரைக்கும் எழுதறோம்.

ஒவ்வொரு விலா எலும்புக்கும் கீழ் ஓரத்துல ஒரு நரம்பு ஓடுது. முதுகெலும்புலேருந்து கிளம்பி விலாவைச் சுத்தி நெஞ்சு முன்னால வரைக்கும் வரும். கேமராவும் கருவியும் போறது ரெண்டு விலாவுக்கு நடுவுல இருக்கிற அந்த இடுக்கு வழியாத்தான். ஓட்டை சின்னதா இருந்தாலும், கருவியை அசைக்கும்போது அந்த நரம்பு நசுங்கும். பிறகு டியூப்பு அதே இடத்துல நின்னு ஒவ்வொரு மூச்சுக்கும் உரசும். தோல்ல தெரியற காயத்தை வச்சு வலியை அளக்கக் கூடாதுங்கறது இதனாலதான்.

நரம்பு பிளாக்னா அந்த நரம்பு மேல மரத்துப்போற மருந்தைப் போடறது. ஃபேக்டரி பாஷையில சொன்னா, ஒரு லைன்ல கோளாறுன்னா அந்த லைன் பிரேக்கரை மட்டும் இறக்குவோம், கட்டடம் முழுக்க மெயின் சுவிட்சை ஆஃப் பண்ண மாட்டோம். மோர்ஃபின் மாதிரி மருந்து நல்ல மருந்துதான், ஆனா அது மூளை வரைக்கும் போகும். கூடினா தூக்கம், வாந்தி, மலச்சிக்கல் வரும், மூச்சும் மந்தமாகும். பிளாக் போட்டா அந்த மருந்து கொஞ்சமா இருந்தாலே போதும். ஆளு முழிச்சிருப்பாரு, இருமுவாரு, எழுந்து நடப்பாரு.

நாங்க பயந்த "முதுகு ஊசி"யும் இதுவும் ஒண்ணு இல்ல. பிரசவத்துக்குப் போடற எபிடூரல், முதுகெலும்புக் குழாய்க்குள்ள, தண்டுவட உறைக்கு வெளிப்பக்கமா போடறது. அண்ணனுக்குச் சொன்னது எரெக்டர் ஸ்பைனே பிளாக். முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் நீளமா ஒரு தசை இருக்கே, அதுக்கு அடியில, எலும்போட ஓரத்துல மருந்தை விடுவாங்க. அது தசைக்கு அடியில மேலயும் கீழயும் பரவி நாலைந்து விலா நரம்புக்குப் போகும். ஊசி தண்டுவடம் பக்கமே போறதில்ல. 2016-லதான் இந்த முறையை முதல் முறையா எழுதி வெளியிட்டாங்களாம். இதுக்கு முன்னாலேருந்தே இருக்கிறது பேராவெர்டிபிரல் பிளாக், முதுகெலும்பை ஒட்டி நரம்பு வெளிய வர்ற இடத்துல போடறது. இன்னொண்ணு செரேட்டஸ் பிளாக், அக்குளுக்குக் கீழ விலாப் பக்கத்துல போடறது. யாருக்கு எதுன்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

எங்க குழுவுல ஒருத்தரோட மகள் ஃபார்மசி படிக்குது. அது தேடிப் பார்த்துச் சொன்னது: ப்ரோஸ்பெக்ட்னு ஒரு நிபுணர் குழு 2022-ல இந்தக் கீஹோல் நெஞ்சு ஆப்பரேஷனுக்குன்னே பரிந்துரை வெளியிட்டிருக்கு. பேராசிட்டமோலும் வீக்கம் குறைக்கிற வலி மாத்திரையும் அடிப்படை, அதோட பேராவெர்டிபிரல் அல்லது எரெக்டர் ஸ்பைனே பிளாக், அது முடியாட்டி செரேட்டஸ். எபிடூரலை இந்த ஆப்பரேஷனுக்கு அவங்க பரிந்துரைக்கல. ஆக, எதுக்காக நாங்க அண்ணனைப் பயமுறுத்தினோமோ, அதை டாக்டர் சொல்லவே இல்ல.

அண்ணன் அண்ணியைப் பார்த்தாரு, எங்களைப் பார்க்கல. "போடுங்க டாக்டர்"ன்னாரு.

கட்டில் ஓரத்துல உக்கார வச்சு, கர்ப்பிணிங்களுக்கு வயித்துல வச்சுப் பார்ப்பாங்களே அதே மாதிரி ஸ்கேனை முதுகுல வச்சு, திரையில ஊசியைப் பார்த்துக்கிட்டே போட்டாங்களாம். முதல்ல தோலை மரத்துப்போகச் செஞ்ச அந்தச் சின்ன ஊசிதான் குத்துச்சு, அப்புறம் ஓர் அழுத்தம் மாதிரிதான் இருந்துச்சுன்னு அண்ணன் சொன்னாரு. உள்ள நூல் மாதிரி ஒரு மெல்லிய குழாயை வச்சு ஒட்டி, பம்புல மாட்டிட்டாங்க. ஒரு தடவை மட்டும் போடற ஊசி சில மணி நேரத்துல இறங்கிடும், குழாய் வச்சா ரெண்டு மூணு நாளைக்கு மருந்து போய்க்கிட்டே இருக்கும்.

எங்களை வெளிய நிக்கச் சொல்லியிருந்தாங்க. அரை மணி நேரம் கழிச்சு உள்ளேயிருந்து ஒரு சத்தம். இருமல். நல்லா ஆழத்துலேருந்து வர்ற இருமல். இன்னொண்ணு. மறுபடியும். ஒருத்தர் இருமறதைக் கேட்டு நாங்க கையெடுத்துக் கும்பிட்டது அன்னைக்குத்தான்.

வலி பூஜ்யம் ஆகலை, அதையும் சொல்லிடறோம். இருமும்போது எட்டா இருந்தது மூணாச்சு. தோள்பட்டையில ஒரு வலி இருந்துச்சு, அது வேற நரம்பு வழியா வர்றது, இந்தப் பிளாக் அதுக்குக் கேட்காதுன்னாங்க. பேராசிட்டமோலும் தொடர்ந்து குடுத்தாங்க. சாயங்காலம் ஒரு பந்து ஏறுச்சு. மறுநாள் காலையில ரெண்டு. கேமரா விட்டு உறிஞ்ச வேண்டிய அவசியமும் வரல, ஐசியூவும் வரல. மூணாவது நாள் குழாயை எடுத்தாங்க. நாலு நாள்ல வருவாருன்னு நினைச்சவரு ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தாரு.

முதல்லயே பிளாக் போட்டிருந்தா இதெல்லாம் வந்தே இருக்காதுன்னு டாக்டர் சொல்லல. சிகரெட் பிடிச்ச நுரையீரல், பிளாக் போட்டாலும் சிலருக்குச் சளி அடைக்கும்னாங்க. ஆனா எங்களுக்கு ஒரு கணக்குத் தெரியும். அந்த மூணு நாள் அவரு இருமாம இருந்ததுல எங்க நாற்பது மெசேஜுக்கும் பங்கு இருக்கு.

வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டோம். அண்ணன் சிரிச்சாரு. அப்புறம் சொன்னாரு: "நர்ஸ் கேட்டப்போ ஆறுன்னு சொல்லத்தான் வாய் வந்துச்சு. உங்க ஆறு பேரு முகத்தையும் பார்த்தேன். மூணுன்னு கூட சொல்ல முடியல."

அதுக்கு மேல எங்களுக்குப் பேச்சு வரல. பக்தியில அவரு தாங்கின வலியை நாங்க எங்க பெருமையாக்கி, அதை அவரு நெஞ்சு மேலேயே பாரமா ஏத்தி வச்சிருக்கோம்.

நாங்க டாக்டர் இல்ல. எங்கள்ல பல பேர் எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவங்கதான். ஆனா நெஞ்சு ஆப்பரேஷனுக்குப் போற குடும்பங்களுக்கு, நாங்க பட்டதை வச்சுச் சிலது சொல்லலாம்:

1. மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கிற நாள்தான் கேள்வி கேக்கிற நாள். "எனக்கு நரம்பு பிளாக் உண்டா? எந்த வகை? ஒரு தடவை ஊசியா, குழாயா? எனக்கு என்ன ஆபத்து?"ன்னு கேளுங்க. கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க.

2. இரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை, ஒவ்வாமை, முதுகுல பழைய ஆப்பரேஷன் எது இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க. எந்த பிளாக் பாதுகாப்புன்னு அதை வச்சுத்தான் பார்ப்பாங்க.

3. ஆபத்தே இல்லாத ஊசி கிடையாது. இரத்தக் கசிவு, கிருமி, சில வகையில நுரையீரல் ஓரத்துல ஊசி படறது, மருந்து இரத்தத்துல கூடிப்போறது இதெல்லாம் அபூர்வமா நடக்கலாம். ஊசிக்கு அப்புறம் உதட்டைச் சுத்தி மரத்துப் போனா, காதுல ரீங்காரம் கேட்டா, வாயில இரும்பு ருசி வந்தா உடனே நர்ஸைக் கூப்பிடுங்க. சில சமயம் பிளாக் சரியா பிடிக்காமயும் போகலாம். அதையும் சொல்லுங்க, வேற வழி பண்ணுவாங்க.

4. பிளாக் இறங்கும்போது வலி திடீர்னு ஏறும். இறங்கறதுக்கு முன்னாலேயே மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கணும். "இப்ப வலிக்கலையே"ன்னு மாத்திரையைத் தள்ளி வைக்காதீங்க.

5. வலி எவ்வளவுன்னு கேட்டா, இருமிப் பார்த்துட்டுப் பதில் சொல்லுங்க.

6. காயம் ஆறி ரெண்டு மூணு மாசம் ஆன பிறகும் விலாப் பக்கம் எரிச்சல், மரத்துப்போற மாதிரி இருந்தா, பழகிடும்னு விட்டுடாம கிளினிக்ல சொல்லுங்க. நரம்பு வலிக்குத் தனி மருந்து இருக்கு.

பார்க்கப் போறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. நர்ஸ் வந்து வலியைக் கேக்கும்போது வெளிய போய் நில்லுங்க. திருநீறு வைங்க, பழம் குடுங்க, அண்ணியை மாத்தி விட்டு ஒரு ராத்திரி நீங்க உக்காருங்க. "நீ தாங்கிடுவே"ன்னு மட்டும் சொல்லாதீங்க.

எங்க வாட்சாப் குரூப்லயும் ஒரு விதி வச்சிருக்கோம். யாராவது மருத்துவ விஷயம் கேட்டா, "டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்"னு மட்டும்தான் எழுதலாம். இந்த விதிக்கு அப்புறம் குரூப் கொஞ்சம் அமைதியாவே இருக்கு.

அண்ணனுக்குக் கட்டி ஆரம்ப நிலையிலேயே எடுத்தாச்சுன்னு ரிப்போட் வந்தது. தொடர்ந்து செக்கப் போறாரு. இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கல. பால்குடம் எடுக்கட்டுமான்னு டாக்டரைக் கேட்டு, அவங்க சரின்னதும் எடுத்தாரு. வழியில ரெண்டு தடவை நின்னு மூச்சு வாங்கினாரு. யாரும் அவசரப்படுத்தல. போன வாரம் அன்னதானத்துல சாம்பாருக்கு உப்புப் பார்த்தாரு, கிளறினது பையன்க. ருசி கொஞ்சம் மாறித்தான் இருந்துச்சு, பொறுத்துக்கோங்க.

நெஞ்சு ஆப்பரேஷனுக்குக் காத்திருக்கிற யாரையாவது தெரிஞ்சா இந்தப் பதிவை அவங்ககிட்ட காட்டுங்க. எங்க எழுத்துல பிழை இருந்தா மன்னிக்கவும்.

வேலும் மயிலும் துணை.